கொழுந்து மலையே முதற் பாடசாலை

மழைக்காலத்து விடியற்பொழுதில் றொசல்ல மலைகளில் மூடுபனி இறங்கி நிற்கும் காட்சியைப் புகையிரதத்தில் அட்டனுக்குச் செல்வோர் பலரும் கண்டிருப்பர். அந்நேரத்தில் தாய்மார் கொழுந்தெடுக்கப் புறப்படுகின்றனர். போகும் வழியில் தம் சின்னஞ்சிறாரைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கின்றனர். 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்பது அதற்கு இன்று வழங்கும் பெயர்.

அவ்வாறு செல்லும் குழந்தையொன்று, "அம்மா, இந்தப் பொகை எங்கயிருந்து வருது?" என்று கேட்கிறதென வைத்துக்கொள்வோம். வேலைக்கு நேரமாகிவிட்ட தாய், "பேசாம வா" என்கிறாள். அவளை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அங்கே ஒரு விஞ்ஞானப் பாடம் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுகிறதன்றோ?

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு விஞ்ஞானம் என்பது சூத்திரமன்று. பார்த்தல், தொடுதல், ஒப்பிடுதல், மீண்டும் கேட்டல் என்பனவே அது. இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் இந்தியாவுக்கு வந்தார். உலகப் போரினால் தாயகம் திரும்ப இயலாத அவர், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, அம்மலையின் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் கொண்டே சிறுவர்க்குப் பாடம் அமைத்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். கொடைக்கானலில் அவர் கண்ட செல்வம் நம் மலையகத்திலும் உண்டு.

குளிர்ந்த கண்ணாடியொன்றின் மீது குழந்தையை ஊதச் சொல்வோம். அதில் படியும் ஈரத்தை அது விரலால் தொட்டுப் பார்க்கட்டும். மூச்சிலுள்ள நீராவி குளிர்பட்டு நுண்துளிகளாவதைப் போலவே, காற்றிலுள்ள நீராவியும் குளிர்ந்து மூடுபனியாகிறது. மழை விட்டதும், வெறும் மண் சரிவிலிருந்து வடியும் நீரை ஒரு போத்தலிலும், புல் மூடிய சரிவின் நீரை மற்றொன்றிலும் பிடித்து வைப்போம். மாலையில் எதன் அடியில் மண் மிகுதியாகப் படிந்துள்ளதெனக் குழந்தையே சொல்லும். மலை ஏன் கரைகிறதென்பதை அதற்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தையும் ஊட்டுவோம். 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில், இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய பங்கசு நோயொன்று, சில பத்தாண்டுகளில் அப்பெருந்தோட்டங்களையே அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்து சேர்ந்தது. ஈரமும் மூட்டமும் மிகுந்த நாட்களில் இளந்தளிரில் தோன்றும் அக்கொப்புளத்தைக் கொழுந்தெடுக்கும் தாய் கண்ட மாத்திரத்தே அறிவாள். மருந்து தெளித்த மலைக்கு மட்டும் குழந்தைகளை அழைத்துச் செல்லலாகாது.

எது இளசு, எது முற்றல், எச்செடி நோயுற்றது என அவள் கை அறிந்திருப்பதும் விஞ்ஞானமே. அதனை வெறும் கூலி வேலையென்றெண்ணிப் பிள்ளை வளருமாயின், நாளை பாடசாலையில் எத்துணை பாடம் கற்பினும் தன் வீட்டிலிருந்த முதல் ஆசிரியையை அறியாமலே போய்விடும்.

ஆகவே, காலையில் நேரமில்லையெனில், "சாயந்தரம் பார்ப்போம்" என்று சொல்லுவோம். மாலையில் மறவாமல் பார்ப்போமாக.