குரங்குப்பட்டடையின் கல்வாசல்

கீரனூரிலிருந்து நார்த்தாமலைக் குன்றுகளைக் கடந்து தெற்கே சித்தன்னவாசலுக்குச் செல்பவர்கள், சமணர் குகைச் சித்திரங்களைக் காணும் ஆவலில், வழியோரப் பொட்டலில் செம்புறாங்கற்கள் வட்டமிட்டுக் கிடப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. புதுக்கோட்டைச் சீமையார் இத்தகைய இடங்களைக் குரங்குப்பட்டடை என்பார்கள். இவ்வளவு பெரிய பாறைகளை மனிதர் புரட்டியிருக்க முடியாது, வானரங்களின் கைங்கரியமாகத்தான் இருக்கவேண்டும் என்ற வியப்பு அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது போலும்.

வட்டத்தின் நடுவே புதைந்திருப்பது இரும்புக்கால மாந்தரின் ஈமக் கல்லறை. நான்கு கருங்கற் பலகைகளைச் சாந்தின்றி நிறுத்தி, ஒன்றின் ஓரம் அடுத்ததன் முகத்தில் முட்டுமாறு ஸ்வஸ்திக வடிவில் அமைத்திருப்பதால், வெளியிலிருந்து நெருக்கும் மண்ணே அவற்றை உட்புறம் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. பலகையொன்றில் வட்டமான துவாரம் குடைந்திருப்பார்கள். உயிர் போய்வருவதற்கான வழி அது என்பார் உண்டு. பிற்பாடு இறந்தவர்களின் எலும்புகளையும் உள்ளே சேர்ப்பதற்கான வாயில் என்பாரும் உண்டு. கர்நாடகத்துப் பிரம்மகிரியில் 1947-இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது ஒரே அறையில் பலருடைய எலும்புகள், அதுவும் குறைபட்டவையாக, கிடைத்ததை எண்ணும்போது என் மனம் இரண்டாவது கட்சியிலேயே சாய்கிறது.

ஆனால் வியாக்கியானத்துக்கு முன் அளவு வேண்டும். 1949-இல் தொல்லியலாளர் வி. டி. கிருஷ்ணசுவாமி தென்னாட்டுப் பெருங்கற் சின்னங்களை வகைப்படுத்தியபோது, புதுக்கோட்டைக் கல்லறைகளுக்குத் தனி இடம் தர முடிந்தது, அவற்றின் அமைப்பை உள்ளபடி வரைந்து ஒப்புநோக்கியதால்தான். சித்தன்னவாசல் ஏழடிப்பாட்டத்துப் பிராமி எழுத்தை மைப்படி எடுத்துச் சென்று மேசைமேல் விரித்துப் படிக்கலாம். எழுத்தில்லாத கல்லுக்கோ அது நிற்கும் இடமும் திசையும்தான் எழுத்து. ஆகையால் வடதிசையைக் குறித்து, வட்டத்தின் குறுக்களவையும் பலகைகளின் கனத்தையும் நாடாவால் அளந்து, துவாரம் எத்திசை நோக்குகிறதென்று வரைபடத்தில் பதிந்துகொண்டபின், வெயில் சாயும்வரை காத்திருப்பது நல்லது. உச்சிப்பொழுதில் மொழுக்கென்று தோன்றும் துவாரத்தின் விளிம்பில், மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது சிறுசிறு கொத்துக்குழிகள் நிழலோடு எழுந்து நிற்கும். குடைந்தது ஒருபுறமிருந்தா, இருபுறமிருந்துமா என்பது அப்போதுதான் புலப்படும். சாக்கட்டியால் விளிம்பைத் தீட்டிப் புகைப்படம் எடுக்கும் பழக்கம் மட்டும் கூடாது. தீட்டுகிறவர் காண விரும்பிய உருவமே படத்தில் விழும்.

மேட்டுநிலம் திருத்துகிறவர் அந்தப் பலகையைப் பெயர்த்து வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுவிட்டால், துவாரம் அப்படியே இருக்கும்; அது எத்திசையைப் பார்த்தது என்பதை அந்த வரைபடத்தில்தான் தேடவேண்டும்.