பரிசலுக்கு மூங்கில்: ஒடியாமல் வளைப்பது எப்படி?



கொமரலிங்கத்தில் தோட்டத்து வேலியோரம் மூங்கில் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, பரிசல் கட்டுறவங்களுக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தேன். வளைக்கறப்பவே பாதி ஒடிஞ்சு போச்சு, மீதியில மாவு கொட்டுது. பணத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன குத்தமுங்க?"

மூங்கில் மேல் குற்றமில்லை. இளசும் முத்தலும் கலந்து வெட்டி, இரண்டு மாதம் வெயிலில் போட்டு வைத்திருக்கிறார். இளசில் வண்டு விழுந்தது, காய்ந்தது ஒடிந்தது.

முதலில் வயது பாருங்கள். கணுவில் உறை ஒட்டிக்கொண்டு, தண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது இளசு. அதைத் தொடாதீர்கள். பளபளப்பு மங்கிய மூன்று, நான்கு வயதுத் தண்டே பரிசலுக்கு ஏற்றது. புதுக்குருத்து கிளம்பும் மழைக்காலத்தில் வெட்டாமல், மழை ஓய்ந்து தை, மாசியில் வெட்டுங்கள்.

மூங்கில் ஏன் வளைகிறது? அதன் நார்களை 'லிக்னின்' என்ற பசைப்பொருள் பிடித்திருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும். ஆறினால் மீண்டும் இறுகும். அதனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்து பிளாச்சு எடுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் நன்றாக ஊறவைத்து, ஈரத்தோடு இளஞ்சூட்டில் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். ஆறும்வரை கட்டியே வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுவில் விரிசல் விடும்; நார் அங்கேதான் நேராக ஓடாது.

இன்னொன்று. வளைவில் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். வலுவான நார் தோலருகேதான் நெருக்கமாக இருக்கிறது. ஆகவே தோல் பக்கம் வெளியே இருக்கட்டும். திருப்பிப் போட்டு வளைத்தால் படக்கென்று ஒடியும்.

மாவு கொட்டுவது ஏன்? மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு வருகிறது. வெட்டிய தண்டை மூன்று, நான்கு வாரம் தண்ணீரில் அமுக்கி வைத்தால் மாவுச்சத்து பெருமளவு கரைந்து போகும். வீட்டுக்குள் இருக்கும் கூடை, தட்டிக்கு 100 லிட்டர் தண்ணீரில் போரிக் அமிலம் 2 கிலோ, வெண்காரம் 3 கிலோ கரைத்து ஊறவைக்கலாம். பரிசலுக்கு இதை நம்பாதீர்கள். தண்ணீர் பட்டால் மருந்து கரைந்துவிடும். முன்பு பரிசலுக்குத் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். எதைப் போர்த்தினாலும் உள்ளே பிளாச்சு உளுத்திருந்தால் பயனில்லை. நடு ஆற்றில் அது நான்கு பேர் உயிர்.

விற்பதிலும் ஒரு வசதி. 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டதால், வனமல்லாத நிலத்து மூங்கில் சட்டப்படி 'மரம்' அல்ல. ஆனால் அமராவதிக் கரையிலோ வாய்க்கால் புறம்போக்கிலோ நிற்பதை அனுமதியின்றி வெட்டக்கூடாது.

வருகிற தை மாதம் அரிவாளை எடுக்கும் முன் ஒவ்வொரு தண்டையும் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால், "இன்னும் இரண்டு வருஷம் இருடா" என்று விட்டுவிடுங்கள்.