பசையில்லாமல் நிற்கும் கற்கள்

ஆற்றங்கரையில் கிடக்கும் கற்களைப் பசையோ கம்பியோ இல்லாமல், கூர்முனை கீழே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது ஒரு கலை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகர ஓடையில் 2008இல் இதைத் தொடங்கிய மைக்கேல் கிராப் இன்று இத்துறையில் பெயர்பெற்றவர். கனடாவில் ஒட்டாவா ஆற்றங்கரையில் ஜான் செப்ரானோ 1986 முதல் கற்சிற்பங்களை அடுக்கி வருகிறார். குளிர்காலத்தில் ஆற்றின் பனிக்கட்டி அவற்றைச் சாய்த்துவிடும். கோடை வந்ததும் மறுபடி அடுக்குவார்.

மந்திரம் எதுவும் இல்லை, எல்லாம் இயற்பியல்தான். வழவழப்பாகத் தெரியும் கல்லிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. கீழ்க்கல்லில் மூன்று மேடுகள் அமைந்தால், அவை முக்காலியின் கால்களைப் போல மேல்கல்லைத் தாங்கும். மேல்கல்லின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். விலகினால் கல் சரியும். அந்த முக்கோணம் சில மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாமல் போகலாம். அதைக் கண் காட்டாது, கைதான் கண்டுபிடிக்கும். இரு கைகளாலும் கல்லை லேசாகப் பிடித்து, மயிரிழை அளவு திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பாரம் விரல்களை விட்டு மெல்லக் கீழ்க்கல்லுக்கு இறங்கும். கல் எந்தப் பக்கமும் சாயப் பார்க்காத அந்த நொடியில் கையை எடுப்பார்கள். உச்சியில் கனமான கல் இருப்பதும் நல்லதே: அதன் எடை கீழ்க்கற்களை அழுத்திப் பிடிக்கும், இளங்காற்றுக்கு அசையாது.

இப்படி நிற்பது பெரும்பாலும் சில நிமிடமோ சில நாளோதான். பிறகு மிஞ்சுவது புகைப்படம். கேமராவைத் தாழ வைத்து வானத்தைப் பின்னணியாக்கினால் கற்கள் தொடும் இடம் துலங்கும். காலை, மாலைச் சாய்வெயில் கல்லின் சொரசொரப்பை எடுத்துக்காட்டும். ஒளியைக் குறைக்கும் ஃபில்டரை மாட்டி, டிரைபாடில் வைத்து, ஷட்டரை ஓரிரு நொடி திறந்துவைத்தால் ஓடும் நீர் பனிமூட்டமாகப் பதியும், கற்கள் துல்லியமாக நிற்கும். கல் கொஞ்சம் ஆடியிருந்தாலும் படம் கலங்கிவிடும். ஆகவே அந்தத் தெளிவே கல் அசையாமல் நின்றதற்குச் சாட்சி.

ஆனால் ஓடைக் கல் வெறும் கல் அல்ல. அதனடியில் பூச்சிகளின் இளம்புழுக்கள் வாழ்கின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலை ஓடைகளில் ஹெல்பெண்டர் என்னும் பெரிய சாலமாண்டர் தட்டைப் பாறைகளின் அடியில்தான் முட்டையிடுகிறது. மலைப்பாதைகளிலோ கற்குவியல்கள் வழிகாட்டும் அடையாளங்கள். புதிதாக ஒன்றை எழுப்பினால் நடப்பவர் வழிதவறுவார். எனவே தண்ணீருக்குள் புதைந்த கல்லைப் பெயர்க்காதீர்கள், கரையில் உதிரியாகக் கிடப்பதை மட்டும் எடுங்கள். படம் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.