உங்களுக்குத் தெரியுமா? டீசல் காரின் காற்றுக் கணக்கு

● டீசல் காரில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டாலும் வண்டி ஓடும். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே வந்த காற்றுக்குத் தக்கபடிதான் பெட்ரோல். டீசலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுவது டீசல்தான். இங்கே சென்சாருக்கு வேறு இரண்டு வேலை. கழிவு வாயுவில் எவ்வளவைத் திரும்ப எஞ்சினுக்குள் விடலாம் என்று இ.ஜி.ஆர். வால்வுக்குக் கணக்குக் கொடுப்பது ஒன்று. கரும்புகை வராத அளவுக்கு டீசலுக்கு வரம்பு கட்டுவது இன்னொன்று.

● அதனால்தான் இந்தச் சென்சார் தளர்ந்துபோனால் பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்குகூட எரிவதில்லை. "பிக்கப் இல்லை, மேட்டுல இழுக்கல" என்ற புகாரோடு வண்டி பட்டறைக்குப் போகும். முதல் பழி டர்போ மேல், அடுத்தது இன்ஜெக்டர் மேல். விலை கூடிய பாகத்தைத்தான் முதலில் சந்தேகிப்பது என்று யாரோ விதி எழுதி வைத்திருக்கிறார்கள் போல!

● சென்சாருக்குள் நடப்பது எளிமையானது. சூடேற்றிய ஒரு மெல்லிய கம்பி அல்லது தகடு. காற்று அதைக் குளிர்விக்கும். குளிர்ந்ததை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதிலிருந்து காற்றின் அளவு தெரியும். இதன் கணக்கை எல்.வி. கிங் 1914-லேயே எழுதிவிட்டார். காற்றின் வேகத்துக்கு நேராக அல்ல, அதன் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வெப்ப இழப்பு கூடும்.

● மலிவு டூப்ளிகேட் சென்சார்கள் தப்பித்துக்கொள்வதும் இந்த வர்க்கமூலத்தால்தான். காற்று குறைவாக இருக்கும்போது சென்சாரின் வோல்டேஜ் மளமளவென ஏறும். காற்று கூடக்கூட ஏற்றம் மந்தமாகும். எனவே மேல்முனையில் வோல்டேஜ் கொஞ்சம் பிசகினாலும் காற்றுக் கணக்கு நிறையப் பிசகும். ஐடிலில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து "சரியா இருக்கு சார்" என்று சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மேட்டில் முழுதாக மிதித்து ஓட்டிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

● போஷ் நிறுவனத்தின் பழைய பிளாட்டினக் கம்பி சென்சார்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொண்டன. எஞ்சினை அணைத்ததும் அந்தக் கம்பி ஒரு நொடி சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, ஒட்டிய அழுக்கை எரித்துவிடும். பிறகு வந்த சிலிக்கான் சில்லு வகைகளில் இந்த ஏற்பாடு கிடையாது.

● ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் நான்காம் தலைமுறை 1.9 டி.டி.ஐ. வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சென்சார் நன்கு பழகிய தலைவலி. அவர்கள் கையில் ஒரு எளிய சோதனை இருந்தது. எஞ்சின் 1896 சி.சி.; நான்கு சிலிண்டர்; ஒன்றுக்கு 474 சி.சி. ஒரு சி.சி. காற்று ஏறக்குறைய 1.2 மில்லிகிராம். ஆக, டர்போவே இல்லாவிட்டாலும் ஒரு சிலிண்டர் ஒருமுறை உறிஞ்சக்கூடியது சுமார் 570 மில்லிகிராம். டர்போ அழுத்தித் தள்ளும்போது, முழு மிதியில் 3000 ஆர்.பி.எம். தாண்டியதும் ஸ்கேனர் 800-க்கு மேல் காட்ட வேண்டும். 500 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, இல்லையேல் காற்றே வரவில்லை.

● இரண்டில் எது? ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள ஒரு நிலையான எண்ணை எடுத்துக்கொள்ளும். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் குற்றவாளி பெரும்பாலும் சென்சார்தான். இழுக்காவிட்டால் அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தபடியே மாட்டிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு, கிழிந்த டர்போ ஹோஸ் என்று தேட வேண்டியதுதான்.

● மலிவு மாற்றைத் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கனெக்டர். பிளக் பொருந்துகிறது, உருவமும் ஒன்றுபோல இருக்கிறது, ஆகவே வேலை செய்யும் என்று நினைத்துவிடுகிறார்கள். போஷ் தயாரித்த ஒரே மாதிரி உட்பாகம் பல கம்பெனிகளின் கார்களில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சுற்றியிருக்கும் குழாயின் விட்டம் வேறு. உட்பாகம் பார்ப்பது தன்மேல் உரசிப்போகும் காற்றை மட்டுமே. முழுக் குழாயிலும் எவ்வளவு போகிறது என்பது கம்ப்யூட்டரில் எழுதிவைத்த கணக்கு. 60 மி.மீ. குழாய்க்கு எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு 70 மி.மீ. குழாயுள்ள சென்சாரை மாட்டினால், அதே வேகத்தில் 36 சதவீதம் கூடுதல் காற்று போகும். கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது.

● உண்மையிலேயே சிக்கனமான வழி ஒன்று உண்டு. பல மாடல்களில் குழாயோடு சேர்த்து மாற்றத் தேவையில்லை; உட்பாகத்தை மட்டும் வாங்கி, உங்கள் பழைய குழாயிலேயே பொருத்தலாம். கழற்றவிடாமல் தடுப்பதற்கென்றே நடுவில் குமிழ் வைத்த ஐந்துமுனை ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். அதற்கான பிட் கடையில் கிடைக்கும். இன்னொரு வழி, கார் கம்பெனியின் பெட்டிக்குப் பதிலாகச் சென்சாரைத் தயாரித்த கம்பெனியின் பெட்டி. போஷ், பியர்பர்க் போன்றவை சொந்தப் பெயரிலும் விற்கின்றன. உங்கள் வண்டியில் எது இருந்ததோ அதே பாக எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். போஷ் பெட்டிக்கே போலி உலவுகிறது என்பதால் நம்பகமான கடையாகவும் இருக்க வேண்டும்.

● வாங்கும் முன் ஒருமுறை சுத்தம் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. இதற்கென்றே வரும் ஸ்ப்ரேயை அடித்துத் தானாக உலரவிட வேண்டும். பட்ஸ், பிரஷ், கம்ப்ரெஸர் காற்று மூன்றும் ஆகாது. சில்லின் சவ்வு மிக மெல்லியது.

● எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டு 'பவர்' ஏற்ற நினைப்பவர்களின் சென்சாரில் அந்த எண்ணெயே படலமாகப் படியலாம்.

● குறைத்துச் சொல்லும் சென்சார், கூட்டிச் சொல்லும் சென்சார் இரண்டும் வேறு வேறு விதத்தில் கெடுக்கும். குறைத்துச் சொன்னால் கம்ப்யூட்டர் டீசலைச் சுருக்கும், இ.ஜி.ஆர். வால்வையும் மூடும், வண்டி மந்தமாகும், புகை குறையும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடும். கூட்டிச் சொன்னால் நேர்மாறு: கரும்புகை. நம் நாட்டு பி.யூ.சி. சோதனையில் டீசல் காருக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. ஆகவே குறைத்துச் சொல்லும் பழுதான சென்சாரோடு போகும் கார் அங்கே ஜம்மென்று தேறிவிடும்!

● புதுச் சென்சார் போட்டும் வண்டி பழையபடியே இருந்தால் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். காமன் ரயில் டீசல்கள் பலவற்றில், பழைய சென்சார் எவ்வளவு பிசகியது என்று கற்று வைத்த திருத்தத்தைக் கம்ப்யூட்டர் புதியதின் மேலும் போட்டுக்கொண்டிருக்கும். ஸ்கேனரில் அந்தக் கற்ற மதிப்பை ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.