மருந்து பலிக்காதபோது: மனச்சோர்வுச் சிகிச்சையும் தாம்பரத்தின் காசநோய்ப் பட்டறிவும்

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறத் தொடங்கியோருள் பலர், எதிர்பார்த்த நலம் விரைவில் தென்படாதபோது அச்சிகிச்சையைத் தாமே கைவிடுகின்றனர். மருந்து பலிக்கவில்லை என்பதை அவர்கள் தம்மைப் பற்றிய தீர்ப்பாகக் கொள்கின்றனர். காசநோய் மருத்துவத்தில் இதே நிலை சிகிச்சையைப் பற்றிய கேள்வியாகவே எழுப்பப்படுகிறது. தாம்பரம் வட்டாரத்தின் காசநோய் மருத்துவ வரலாற்றை ஒப்புநோக்கி, மனச்சோர்வுச் சிகிச்சை பலிக்காததுபோல் தோன்றும் காலத்தில் நோயரும் வீட்டாரும் கேட்கவேண்டிய கேள்விகளையும் அக்காலத்தைக் கடக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, மன அழுத்தம், காசநோய், தாம்பரம் சானடோரியம், செயலூக்கச் சிகிச்சை

முன்னுரை

சென்னைப் பேச்சுவழக்கில் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஓர் ஊரின் பெயராக மட்டும் நின்றுவிடவில்லை. 1794ஆம் ஆண்டு தொடக்கமாக வரலாறு கொண்ட அரசு மனநல மருத்துவமனை அங்கு அமைந்திருப்பதால், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது வசைச்சொல்லாகவே வழங்குகிறது. தமிழ்த் திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் இவ்வழக்கைப் பரப்பியதில் பெரும்பங்கு வகிக்கின்றன. தாம்பரம் – வேளச்சேரி சாலையில் உள்ள ராஜகீழ்ப்பாக்கத்திற்கும் அம்மருத்துவமனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஊர்ப்பெயரிலேயே அச்சொல் அமைந்துவிட்டது. ஊரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் இதழோரம் புன்னகைப்பது, அப்பெயர் ஏற்றிருக்கும் சுமைக்குச் சான்றாகும்.

இதே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருசில கிலோமீட்டர் மேற்கே மற்றொரு மருத்துவமனையின் பெயர் இரயில் நிலையத்திற்கே வழங்கப்பட்டுள்ளது. 'சானடோரியம்' என்று நடத்துநர் கூவும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை. காசநோயும் ஒருகாலத்தில் மறைத்துவைக்கப்பட்ட நோயே. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாக நின்ற நோயே. அந்நோயைப் பற்றிய பார்வை மாறியதற்கு, அதன் சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது என்பதை மக்கள் ஓரளவு அறிந்துகொண்டதும் ஒரு காரணம் எனலாம். மனச்சோர்வுச் சிகிச்சையைப் பற்றி அத்தகைய பொது அறிவு இன்னும் உருவாகவில்லை.

சானடோரியம் தரும் பாடம்

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து நிறுவினார். தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. மருந்துகள் வந்தபின்பும், வீட்டில் வைத்துக் காசநோயைக் குணப்படுத்த இயலாது என்னும் எண்ணம் நீடித்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் இதனைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. இடநெருக்கடியும் உணவுக்குறைவும் மிக்க வீடுகளில் இருந்தவர்களும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகவே குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. நோயர் மருந்தைத் தவறாது உட்கொள்கிறாரா என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று.

அதன்பின் காசநோயர் ஒருவருக்குக் குணம் தெரியாவிடில் மருத்துவர் கேட்கும் கேள்விகள் வரையறுக்கப்பட்டன. மருந்து முறையாக உட்கொள்ளப்பட்டதா, அளவு போதுமா, காலம் போதுமா, அம்மருந்துக்குக் கிருமி இணங்கவில்லையா, வேறு நோய் உடன் உள்ளதா, நோய்க்கணிப்பே தவறா என்பன அவை. 'நீ மனம் வைத்தால் சளியில் கிருமி இராது' என்று எந்த மருத்துவரும் கூறுவதில்லை. மனச்சோர்வுற்றவரிடம் மட்டும் அச்சொல் நாள்தோறும் கூறப்படுகிறது. காலப்போக்கில் அவரே அதனைத் தமக்குக் கூறிக்கொள்கிறார்.

ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை உள்ளது. மனச்சோர்வுக்கு அத்தகைய ஆய்வகச் சோதனை இல்லை. தம் முன்னேற்றத்தை அளக்கவேண்டிய மனமே நோயுற்றிருப்பது இந்நோயின் தனிச்சிக்கல்.

'மன அழுத்தம்' என்னும் சொல்

தமிழ் இதழ்களும் தொலைக்காட்சியும் இந்நோயைப் பெரும்பாலும் 'மன அழுத்தம்' என்றே குறிப்பிடுகின்றன. தேர்வு நெருங்கும்போதும் அலுவலகத்தில் வேலை குவியும்போதும் ஏற்படும் நெருக்கடியையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். நெருக்கடி நீங்கினால் தணியும் ஒன்றுக்கும், காரணம் நீங்கிய பின்பும் வாரக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. ஊர் மாறி இருந்துவிட்டு வந்தால் சரியாகும் என்னும் அறிவுரை இக்குழப்பத்திலிருந்தே பிறக்கிறது. 'மனச்சோர்வு' என்னும் சொல்லை நோய்க்கு மட்டும் உரியதாக வழங்குவது நன்று.

சொற்குழப்பத்திற்கு மறுபக்கமும் உண்டு. பலர் இந்நோயை மனத்தின் நோயாக உணர்வதே இல்லை. சென்னை மாநகரில் 25,455 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில் 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அதில் அதிகமாகப் பதிவான அறிகுறி சோர்ந்த மனநிலை. அதற்கு மிக நெருங்கி வந்தது உடற்களைப்பு. களைப்புக்கும் தலைவலிக்கும் என்று மருந்து பெறுபவர் மூன்று நாளில் பயனை எதிர்பார்ப்பது இயல்பே.

மருந்தைப் பற்றிக் கேட்கவேண்டியவை

மனச்சோர்வு மாத்திரைகளில் பக்கவிளைவு முன்னும் பயன் பின்னும் வருகின்றன. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, உறக்கமாற்றம், படபடப்பு ஆகியன தோன்றலாம். பயனோ இரண்டாம் வாரத்திற்குப் பின்னரே மெல்லத் தொடங்கும். போதிய அளவில் நான்கு முதல் எட்டு வாரங்கள் உட்கொண்ட பின்னரே ஒரு மருந்து பலித்ததா இல்லையா என்று முடிவு செய்ய இயலும். பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்துபவர் அதன் தீமையை முழுதும் கண்டு, நன்மையைக் காணாமலே விலகுகிறார். திடீரென நிறுத்தும்போது தலைச்சுற்றலும் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் ஏற்படுவதுண்டு. 'இம்மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று பலர் அஞ்சுவது இதனால்தான். மருத்துவரின் துணையோடு படிப்படியாகக் குறைத்தால் இத்தொல்லை பெரிதும் தணியும்.

அளவும் காலமும் போதியவையாக இருந்தும் பயன் இல்லையெனில், நோய்க்கணிப்பை மீண்டும் பார்த்தல் வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியன மனச்சோர்வைப் போலவே தோற்றம் தரும். மதுப்பழக்கம் மருந்தின் பயனைக் குலைக்கும். நோயர் இதனை மறைப்பதும் மருத்துவர் கேட்காமல் விடுவதும் உண்டு. உறக்கத்தில் மூச்சுத்தடை உடையோரும் பகலில் சோர்ந்தே இருப்பர். முன்னொரு காலத்தில் உறக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய ஊக்கத்தோடும் செலவோடும் சில நாள்கள் கழிந்ததுண்டா என்பது மிக இன்றியமையாத கேள்வி. அவ்வாறாயின் அது இருமுனையப் பிறழ்வாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது அந்நிலையைச் சிக்கலாக்கும். சோர்வுற்ற காலத்தில் நோயருக்கு இது நினைவில் இராது. உடன்பிறந்தாரோ வாழ்க்கைத்துணையோ மருத்துவரிடம் செல்வது இங்குப் பயன்படும்.

தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளது. இருவகை மருந்துகளையும் ஒருசேர உட்கொள்வோர் இவ்வட்டாரத்தில் இருத்தல் இயல்பு. ஒரு மருத்துவர் தருவதை மற்றவருக்கு மறைக்காதிருத்தல் போதுமான முதல் காப்பு.

அடுத்த படிகள்

முதல் மருந்து பலிக்காமை அரிதன்று. அமெரிக்காவில் 4,041 நோயரைச் சேர்த்து நடத்தப்பட்டு 2006இல் முடிவுகள் வெளியான 'ஸ்டார் டி' ஆய்வில், முதல் மருந்தால் நோய் நீங்கப்பெற்றோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. நான்கு படிகளையும் கடந்தால் மூன்றில் இரு பங்கினர் நலமடையக்கூடும் என அவ்வாய்வாளர் மதிப்பிட்டனர். 2023இல் வெளியான மறுபகுப்பாய்வு, இடையில் விலகியோரைக் கருத்திற்கொண்டு, அவ்விழுக்காட்டை ஏறத்தாழ 35 எனக் குறைத்துக் காட்டியது. இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டை நோயரிடம் மறைப்பதில் பயனில்லை. முதல் மருந்து தவறுவது பெரும்பான்மையோர் அனுபவம் என்பதில் இரு கணக்குகளும் ஒத்துப்போகின்றன. தமக்கு மட்டும் நேர்ந்தது என எண்ணி வருந்துவோருக்கு இச்செய்தியே ஆறுதல் தரக்கூடும்.

மருந்தின் அளவை உயர்த்துதல், வேறு மருந்துக்கு மாறுதல், லித்தியம் போன்ற துணைமருந்து சேர்த்தல், உளவியல் சிகிச்சையை இணைத்தல் என வழிகள் பல. போதிய அளவிலும் காலத்திலும் இரு மருந்துகள் தவறிய பின்னரே 'சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு' என்னும் பெயர் பொதுவாக வழங்கப்படுகிறது. கடும் மனச்சோர்வுக்கு மின்வலிப்புச் சிகிச்சை மிகுந்த பயன் தருவது. 'ஷாக்' என்று திரைப்படங்கள் காட்டும் கொடுமைக்காட்சியே பலர் மனத்தில் பதிந்துள்ளது. மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி இச்சிகிச்சை அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. நினைவாற்றலில் தற்காலிக இழப்பு ஏற்படலாம் என்பதையும் நோயருக்கு முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும்.

காத்திருக்கும் காலம்

ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் இடைப்பட்ட வாரங்களே கடினமானவை. 'மனம் சரியானதும் செய்வேன்' என்று எல்லாவற்றையும் ஒத்திவைப்பதே நோயின் இயல்பு. செயலூக்கச் சிகிச்சை இவ்வரிசையைத் திருப்பிப்போடுகிறது: செயல் முன், ஊக்கம் பின். கோவாவில் 495 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இச்சிகிச்சையை அளித்தனர். மூன்று மாத முடிவில் அதனைப் பெற்றோருள் 64 விழுக்காட்டினரும் பெறாதோருள் 39 விழுக்காட்டினரும் நோய் நீங்கியிருந்தனர்.

செயல் என்பது மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். ராஜகீழ்ப்பாக்கம் ஏரிப்பக்கம் காலையில் பத்து நிமிடம் நடப்பது, குளித்து உடை மாற்றுவது, பால் வாங்கத் தாமே செல்வது போன்றவை போதும். ஏரியைச் சுற்றி வரவேண்டும் என்று இலக்கு வைத்து, முடியாமல் திரும்பி, அதையும் தோல்விக்கணக்கில் சேர்ப்பதைவிடத் தெருமுனைவரை சென்று வருவது மேல். உறக்கத்திற்குச் செல்லும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது எளிது.

மனச்சோர்வுற்றவர் நல்ல நாளையும் கெட்டதாகவே நினைவுகூர்வார். ஆதலின் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ. வினாப்பட்டியலை இரு வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பி வைத்தல் நன்று. இதன் தமிழ் வடிவமும் கிடைக்கிறது. சளிப் பரிசோதனைக்கு அது ஈடாகாது. எனினும் 'எதுவும் மாறவில்லை' என்பவரின் தாளில் மதிப்பெண் 19இலிருந்து 14ஆக இறங்கியிருப்பது மருத்துவருக்கும் அவருக்கும் ஒருசேரப் பயன்படும் செய்தி. பெரும்பாலும் உறக்கமும் பசியும் முதலில் திரும்பும். மகிழ்ச்சி இறுதியில் வரும். நோயரின் முகத்தில் தெளிவு வந்திருப்பதை அவருக்கு முன்பே வீட்டார் காண்பதும் உண்டு.

வீட்டாரின் பேச்சுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 1976இல் இலண்டனில் வெளியான வான், லெஃப் ஆகியோரின் ஆய்வு காட்டியது. குறைகூறும் உறவினரோடு வாழ்ந்தோரிடம் நோய் மீண்டும் தலையெடுத்தது. மனச்சிதைவு நோயரைவிட மனச்சோர்வு நோயர் மிகக் குறைந்த குறைகூறலுக்கே ஆட்பட்டனர். 'உனக்கு என்ன குறை வைத்தோம்' என்பது அன்பில் பிறந்த கேள்விதான். கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகவே சேரும். 'மாத்திரை போட்டாயா' என்று நாளுக்கு நான்கு முறை கேட்பதைவிட, மாத்திரையையும் தண்ணீரையும் அருகில் வைத்துவிட்டு உடன் அமர்ந்திருப்பது நல்லது.

காத்திருக்க இயலாத நிலையும் உண்டு. இறந்துவிட்டால் நன்று என்னும் எண்ணம் தோன்றினாலோ, திட்டமாக உருப்பெற்றாலோ, உணவும் நீரும் நின்றுபோனாலோ அடுத்த மருத்துவ நாள்வரை பொறுத்தல் கூடாது. மருந்து தொடங்கிய அல்லது மாற்றிய முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டோரிடம், அமைதியின்மை மிகுகிறதா என்று உடனிருப்போர் கவனித்தல் வேண்டும். மாத்திரைகளை மொத்தமாக நோயரிடம் விடாமல் வீட்டார் ஒருவர் வைத்துக்கொள்வது நன்று. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கொள்ளப்படவேண்டும் என 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுவதால், காவல்துறைக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்கத் தேவையில்லை. 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உள்ளது. அழைப்பதற்கு நோயருக்குச் சொற்கள் அமையாதபோது வீட்டார் அழைத்து, அருகில் அமர்ந்து, தொலைபேசியை அவர் கையில் கொடுக்கலாம்.