சுவிட்சை அணைத்தால் போதுமா?
கூரை விளக்கை மாற்றும் வேலையும் அதன் பின்னுள்ள மின்னியலும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிங்காரப்பேட்டை போன்ற ஊர்களில், இரு தலைமுறைகளின் மின்னிணைப்பு முறைகளை ஒரே தெருவில் காணலாம். பழைய ஓட்டு வீடுகளில் மரப்பட்டியின் மேல் கிளிப் அடித்துக் கொண்டுசெல்லப்பட்ட வயர்கள், உத்தரத்தில் திருகிய வட்டக் கட்டையின் மீதுள்ள சீலிங் ரோஸில் வந்து முடிகின்றன. புதிய கான்கிரீட் வீடுகளில் தளம் போடும்போதே பதிக்கப்பட்ட பி.வி.சி. குழாய்களின் வழியே வரும் வயர்கள், தளத்தில் புதைந்த ஒரு சிறு பெட்டியில் வெளிப்படுகின்றன. இரு வகை வீடுகளிலும் 40 வாட் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்துவது இன்று வழக்கமான வேலையாகிவிட்டது. கழற்றியதும் கண்ணில் படுபவை பெரும்பாலும் இரண்டே வயர்கள்தான் என்றாலும், அவற்றில் எது உயிருள்ளது, எப்போது உயிருள்ளது என்பதை அறிவதற்குச் சுவிட்ச், வயரின் நிறம், டெஸ்டர், மெயின் ஆகிய நான்கு சாட்சிகள் உள்ளன. அந்த நான்கில் எதுவும் தனித்து நம்பத்தக்கதன்று என்பதே இவ்வேலையின் முதல் பாடம்.

தெருமுனையிலுள்ள மின்மாற்றி 11,000 வோல்ட் மின்னழுத்தத்தை வீட்டுப் பயன்பாட்டுக்குரிய அளவுக்குக் குறைக்கிறது. அதன் மூன்று வெளியீட்டுச் சுருள்களும் ஒரு முனையில் ஒன்றுசேரும் நடுப்புள்ளி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து வரும் வயர் நியூட்ரல் எனப்படும். சுருள்களின் மறுமுனைகளிலிருந்து வரும் மூன்று வயர்களும் ஃபேஸ் எனப்படும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான அழுத்தம் ஏறத்தாழ 230 வோல்ட். அது நொடிக்கு 50 சுழற்சிகள் வீதம் திசை மாறிக்கொண்டே இருக்கும். நியூட்ரல் நிலத்தோடு இணைந்திருப்பதால், தரையில் நிற்கும் ஒருவர் தம்மை அறியாமலேயே மின்மாற்றியின் ஒரு முனையோடு தொடர்பு கொண்டவராகிறார். ஃபேஸைத் தொட்ட மாத்திரத்தில் அவர் உடலே மின்சுற்றை நிறைவு செய்துவிடுகிறது. எர்த் எனப்படும் பச்சை வயருக்கு இயல்பான நேரத்தில் வேலை எதுவும் இல்லை. விளக்கின் உலோகக் கூட்டில் தவறுதலாக மின்சாரம் பாய்ந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுசெல்வதற்காகவே அது காத்திருக்கிறது.

முதல் சாட்சி சுவிட்ச். விளக்கு எரிவதற்கு மின்சுற்று முழுமையாக இருக்க வேண்டும் என்பதால், சுற்றின் எந்த இடத்தைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். சுவிட்ச் ஃபேஸ் வயரில்தான் அமைய வேண்டும் என்பது மின்னமைப்பு விதி. அப்போதுதான் அணைத்தபின் விளக்குவரை செல்லும் வயரில் அழுத்தம் இராது. வயரிங் செய்தவர் தவறுதலாக நியூட்ரலில் சுவிட்சை அமைத்திருந்தாலும், பின்னாளில் மீட்டர் பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும், விளக்கு முன்போலவே எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும் வேளையிலும் ஹோல்டரின் இரு முனைகளிலும் முழு அழுத்தம் நின்றுகொண்டிருக்கும். அணைந்த விளக்கு, சுற்று எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது; எங்கே என்பதைச் சொல்வதில்லை.

கூரையில் எத்தனை வயர்கள் இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனின் வீடுகளில் ஃபேஸ் வயர் ஒரு விளக்கின் சீலிங் ரோஸிலிருந்து அடுத்த விளக்கின் சீலிங் ரோஸுக்குத் தாவிச் செல்லும் முறை பரவலாக இருப்பதால், அங்கே மேலே மூன்று கற்றை வயர்கள் கூடியிருப்பதும், சுவிட்சை அணைத்த பின்னும் அவற்றுள் ஒன்று உயிரோடிருப்பதும் இயல்பு. தமிழ்நாட்டில் அந்த இணைப்புகளைப் பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்குள்ளேயே முடித்துவிடுவதால், சுவிட்ச் வழியாக வரும் ஃபேஸ் ஒன்றும் நியூட்ரல் ஒன்றும் மட்டுமே கூரைக்கு ஏறுகின்றன. ஆயினும் கான்கிரீட் வீடுகளில் தளத்துப் பெட்டி அடுத்த அறைக்குச் செல்லும் வயர்களின் கூடுமிடமாகவும் பயன்படுவதுண்டு. இரண்டுக்கு மேற்பட்ட வயர்கள் தெரிந்தால், அவற்றில் ஒன்றேனும் இந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்படாதது எனக் கொள்வதே முறை. பழைய இணைப்பைப் பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் அடையாளம் ஒட்டிக்கொள்வது இதனாலேயே அவசியமாகிறது.

இரண்டாவது சாட்சியான நிறம், ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தனிக் கவனம் கோருகிறது. இந்தியாவில் நெடுங்காலமாக மூன்று ஃபேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலமும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் வழங்கிவருகின்றன. ஐரோப்பிய முறையிலோ பழுப்பு ஃபேஸாகவும் நீலம் நியூட்ரலாகவும் இருக்கும். பிரிட்டனும் 2004க்கும் 2006க்கும் இடையில் தன் பழைய சிவப்பு–கறுப்பை விட்டு இம்முறைக்கு மாறியது. ஆகவே மூன்று ஃபேஸ் இணைப்புள்ள இந்திய வீட்டில் கூரையிலிருந்து தொங்கும் நீல வயர் உயிருள்ள மூன்றாம் ஃபேஸாக இருக்கலாம். அதே வேளையில் புதிதாக வாங்கிய அலங்கார விளக்கிலிருந்து வெளிவரும் நீல வயர் நியூட்ரலைக் குறிக்கலாம். நிறத்துக்கு நிறம் சேர்ப்பதே சரி என்று எண்ணுபவர் இங்கே தவறிவிடுவார். ஓசூரின் தொழிற்சாலைகளில் வெளிநாட்டு எந்திரங்களின் மின்பலகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் ஊர் வீட்டின் பழைய வயரிங்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் ஒரே நீலம் இருவேறு பொருள் தருவதால், இருவரும் மாறிமாறி கைவைத்த வீட்டில் நிறத்தைக் கொண்டு மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது. கடையில் கிடைத்த ஒரே நிற வயரைக் கொண்டு முழு வீட்டையும் முடித்த இடங்களில் நிறம் எதையுமே சொல்வதில்லை.

மூன்றாவது சாட்சி டெஸ்டர். அதனுள் ஒரு சிறு நியான் விளக்கும், அதனோடு தொடராக ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் அளவிலான மின்தடையும் உள்ளன; ஃபேஸைத் தொட்டால், ஒரு மில்லியாம்பியரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னோட்டம் அதைப் பிடித்திருப்பவரின் உடல் வழியாக நிலத்தை அடைய, நியான் ஒளிர்கிறது. உலர்ந்த மர ஏணியில், ரப்பர் செருப்புடன் நிற்கும்போது அந்த ஒளி மங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: எங்கோ நியூட்ரல் அறுந்திருந்தால், வேறொரு கருவி அல்லது விளக்கின் வழியாகத் திரும்பிவரும் ஃபேஸ் நியூட்ரல் வயரிலும் நிற்கும், அப்போது இரு வயர்களிலும் டெஸ்டர் எரியும், விளக்கு மட்டும் எரியாது. எலக்ட்ரீஷியன்கள் இதைத்தான் ‘ரிட்டன் வருது’ என்கிறார்கள். டெஸ்டரை முதலில் உயிருள்ளது என்று உறுதியாகத் தெரிந்த பிளக்கில் சோதித்து, பிறகு கூரை வயரில் வைத்து, மீண்டும் பிளக்கில் சோதித்தால்தான் அதன் சொல்லுக்கு மதிப்புண்டு. இரு வயர்களுக்கிடையே உள்ள அழுத்தத்தை நேரடியாக அளக்கும் மல்டிமீட்டர் இதைவிடத் தெளிவாகப் பேசும்.

நான்காவது சாட்சிக்குப் போகும் முன், எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு கிடைத்திருக்கும் ஐந்தாவது சாட்சி ஒன்றையும் பார்க்கலாம். சுவிட்சை அணைத்த பின்னும் சில விளக்குகள் இரவில் மங்கலாக ஒளிர்வதையோ, விட்டுவிட்டு மின்னுவதையோ காணலாம். குண்டு பல்பை எரிக்கப் பல நூறு மில்லியாம்பியர்கள் வரை தேவைப்பட்ட நிலையில், எல்.இ.டி. ஒளிர மிகச் சிறிய மின்னோட்டமே போதுமானது. சுவிட்சில் உள்ள சிறிய அடையாள விளக்கின் வழியே கசியும் மின்னோட்டமும், ஒரே குழாயில் நெடுந்தூரம் அருகருகே செல்லும் வயர்கள் தமக்கிடையிலுள்ள பி.வி.சி. உறையால் ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால் தாவும் மின்னோட்டமும் அதற்குப் போதும். மூன்றாவது காரணமே கவலைக்குரியது: சுவிட்ச் நியூட்ரலில் இருப்பதால் விளக்கில் எந்நேரமும் ஃபேஸ் நிற்பது. மங்கலான ஒளி எந்தக் காரணத்தால் என்பதைத் தானே சொல்லாவிட்டாலும், சுவிட்ச் போர்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அது சொல்கிறது.

டியூப் லைட்டிலிருந்து எல்.இ.டி.க்கு மாறும்போது, குழாயைத் தாங்கும் பட்டிக்குள் இருக்கும் சோக், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் பணியையும் அறிந்திருக்க வேண்டும். இரும்பு உள்ளகத்தில் செப்புக் கம்பி சுற்றிய சுருளே சோக். ஸ்டார்ட்டர் தன் தொடர்பைத் துண்டிக்கும் கணத்தில் அது உயர் அழுத்தத் துடிப்பை எழுப்பிக் குழாயிலுள்ள பாதரச ஆவியில் மின்னோட்டத்தைத் தொடங்கிவைக்கிறது, பிறகு அந்த மின்னோட்டம் கட்டுமீறாமல் தடுக்கிறது. இந்தப் பணிக்காகச் சோக்கே பத்து வாட்டுக்கு மேல் வெப்பமாகச் செலவிடுகிறது. எல்.இ.டி.யின் ஒவ்வொரு சில்லுக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் நேர்திசை மின்சாரமே வேண்டும் என்பதால், சோக்குக்குப் பதிலாக டிரைவர் எனப்படும் மின்னணுச் சுற்று மாறுதிசை மின்சாரத்தைத் திருத்தி அளவோடு வழங்குகிறது. பழைய பட்டியிலேயே செருகும் எல்.இ.டி. டியூப்களில், சிலவற்றுக்கு ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும், சிலவற்றுக்கு இரு முனைகளிலும் ஒவ்வொன்றும் தரவேண்டியிருக்கும்; உறையில் அச்சிட்ட படத்தைப் பார்த்து, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் சுற்றிலிருந்து நீக்கிய பிறகே அவற்றைப் பொருத்த வேண்டும். கழற்றிய குழாயில் பாதரசம் இருப்பதால் அதை உடைக்காமல் அப்புறப்படுத்துவதும் முக்கியம். இதே பாதரசத்தை முன்னிட்டுத்தான் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2027 இறுதிக்குள் இவ்வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த ஒப்புக்கொண்டுள்ளன.

நான்காவது சாட்சியான மெயின், எல்லாவற்றிலும் நம்பத்தக்கதாகத் தோன்றுவது. தமிழ்நாட்டு வீடுகளிலோ அதுவும் ஏமாற்றக்கூடியது. மின்வெட்டுக் காலங்களில் பரவிய இன்வெர்ட்டர், மின்வாரிய மின்சாரம் நின்ற மறுநொடியே பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்கி விளக்கு, மின்விசிறிச் சுற்றுகளுக்கு அனுப்புகிறது. மெயினை இறக்குபவரின் செயலை இன்வெர்ட்டர் இன்னொரு மின்வெட்டாகவே கருதும் என்பதால், அவர் கைவைக்கப்போகும் வயரே மீண்டும் உயிர்பெற்றுவிடும். மெயினோடு இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் நிறுத்தி, அதன்பின் டெஸ்டரால் சரிபார்ப்பதே முழுமையான முறை. மின்சாரம் பாயும்போது மனித உடலின் தடை ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் நூறு மில்லியாம்பியருக்கு மேல் பாயும். அது இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானது. விளக்குச் சுற்றின் 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பொருட்படுத்தவே செய்யாது, ஏனெனில் அது வயரைக் காப்பதற்கான கருவி. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லியாம்பியர் வேறுபட்டாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காக்கும். ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்தவரை அதனாலும் காக்க இயலாது.

இவ்வேலையை யார் செய்யலாம் என்பதற்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்றவர்களுமே செய்ய வேண்டும் என்று கூறிய 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் முதலியவற்றை மின்னமைப்பின் கொள்திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றிப் பொருத்துவதற்கு விலக்கு அளித்தன. 2010இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அந்த விலக்கைத் தொடர்ந்தன. பழைய விளக்கு இருந்த இடத்தில், அதே இரு வயர்களில், அதைவிடக் குறைந்த வாட் உள்ள விளக்கை மாட்டுவது இந்த விலக்குக்குள் அடங்கும். நியூட்ரலில் இருக்கும் சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றுவது, அறுந்த நியூட்ரலைத் தேடி இணைப்பது, உலோகக் கூடுள்ள விளக்குக்காக எர்த் வயரே இல்லாத பழைய வீட்டில் புதிதாக ஒன்றை இழுப்பது ஆகியவை மின்னமைப்பின் தன்மையையே மாற்றும் வேலைகள் என்பதால், அவை சான்று பெற்ற வயர்மேனுக்கு உரியவை. சாட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை வீட்டார் வேலையைத் தொடரலாம். அவற்றுள் ஒன்று முரண்பட்டாலும் திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டு வயர்மேனை அழைப்பதே அறிவுடைமை.