0.00 என்றால் என்ன அர்த்தம்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது, கடைசி ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, நம்ம சென்னைப் பையன் குகேஷ் கருப்பு. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் இன்ஜின் கணக்குப்படி டிரா ஆக வேண்டிய நிலைதான். திரையோரத்துப் பட்டை ஏறக்குறைய நடுவிலேயே நின்றது. "அவ்ளோதான், டைபிரேக்கர் போகும்"னு பல பேர் போனை மூடியிருப்பீங்க.

55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். பட்டை ஒரே அடியாகக் கருப்புப் பக்கம் சரிந்தது. யானைகள் போனதும் குகேஷ் பிஷப்பை டி5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் மூலையில் இருந்ததால் அது தப்பிக்க வழியில்லை. பிஷப்புகளும் போயின. மிஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டம் வெள்ளைக்குத் தோல்வி. 58 நகர்த்தல்களில் முடிந்தது. 7.5-6.5 கணக்கில், 18 வயதில் உலக சாம்பியன்.

அப்புறம் வந்தது அந்தப் பேச்சு: "ஈஸி டிராவை விட்டுட்டான்யா". டிரா சரி. ஈஸின்னு யார் சொன்னது? பட்டை சொல்லவில்லை. அதற்கு அது தெரியவும் தெரியாது.

இன்ஜின் காட்டும் எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: இனிமேல் இரண்டு பேரும் சிறந்த நகர்த்தலையே ஆடினால். பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கருப்புக்கு. 0.00 என்றால் யாருக்கும் இல்லை. ஆனால் அந்த 0.00-ஐக் காப்பாற்ற எந்த நகர்த்தல் வைத்தாலும் போதுமா, இல்லை ஒரே ஒரு நகர்த்தல்தான் இருக்கிறதா? நான்கு மணி நேரம் உட்கார்ந்து தடுத்தே ஆடிக் களைத்த ஒருவருக்கு அது கண்ணில் படுமா? எண்ணில் இது எதுவும் கிடையாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். மதிய வெயிலில் வெறுங்காலோடு நடப்பவருக்கும் விடியற்காலையில் நடப்பவருக்கும் அந்த 14 ஒன்றா?

ரொம்ப நாளாக +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதற்குச் சமம் என்றுதான் புரிந்துவைத்திருந்தோம். ஸ்டாக்ஃபிஷில் 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து அந்த அளவுகோலே வேறு. அந்த நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் தனக்குத்தானே ஆடினால் வெள்ளை ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்பதுதான் +1.00. மீதி பெரும்பாலும் டிரா. கவனிங்க, ஆடுவது ஸ்டாக்ஃபிஷும் ஸ்டாக்ஃபிஷும். நீங்களும் உங்க ரூம்மேட்டும் இல்லை. நம்ம மட்டத்தில் +0.4-க்கும் +0.1-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் கவலைப்படுவது வீண்.

இதைவிட நல்ல உதாரணம் ஆனந்திடம் இருக்கிறது. 2014, சோச்சி, கார்ல்சனுடன் ஆறாவது ஆட்டம். 26-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2-வில் வைத்தார். பெரிய தப்பு. ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை எடுத்திருக்கலாம். பதிலுக்கு வெள்ளை யானையை வெட்டினால், குதிரை சி4-இல் செக்கோடு இன்னொரு சிப்பாயை எடுக்கும். யானையைப் பிறகு நிதானமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்ஜினுக்கு இது கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. ஆனந்த் ஏ4 சிப்பாய் நகர்த்தலை ஆடினார், ஆட்டத்தையும் இழந்தார். பட்டை ஒரு பக்கம் தாவி, அடுத்த நொடியே திரும்பி வந்தது.

ஐந்து முறை உலக சாம்பியனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆட்டம் முழுக்க மோசமான நிலையைத் தாங்கிக்கொண்டிருந்தவர், எதிரே கார்ல்சன் இப்படிச் சறுக்குவார் என்று எதிர்பார்க்கவில்லை. "இங்கே ஏதோ இருக்கு"ன்னு அவருக்கு யாரும் மணி அடிக்கவில்லை. நமக்குப் பட்டை மணி அடித்தது. அந்த மணி இருந்தால் நம்ம கிளப்பில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவோம், அதுதான் விஷயம்.

அதனால் உங்கள் ஆட்டத்தை அலசும்போது முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள். எந்த இடத்தில் நிலை மாறியது, ஏன் என்று உங்கள் கணிப்பை எழுதிவைத்துவிட்டுப் பிறகு திறங்கள். திறந்ததும் ஒரு வரியை மட்டும் பார்க்காமல் மூன்று வரிகளாக வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மொத்த அலசலில் உபயோகமான அமைப்பு இது ஒன்றுதான். முதல் வரி 0.00, இரண்டாவது -0.1, மூன்றாவது -0.2 என்றால் நிலை சாந்தமானது, எதை ஆடினாலும் பிழைக்கலாம். முதல் வரி 0.00, இரண்டாவது -5 என்றால் நீங்கள் நிற்பது கயிற்றின் மேல். இரண்டுக்கும் பட்டை ஒரே மாதிரி நடுவில்தான் நிற்கும்.

ஆழ எண்ணையும் பாருங்கள். 12-இல் சொன்னதை 25-இல் மாற்றிச் சொல்வது சகஜம். +3 என்று காட்டிவிட்டுப் பத்து நகர்த்தல் தள்ளிப் பார்த்தும் எண் ஏறவே இல்லை என்றால் அது கோட்டையாக இருக்கலாம். எதிராளி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், உள்ளே போக வழி இல்லை, இன்ஜினுக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

சிறந்த நகர்த்தல் என்று அது காட்டுவது புரியவில்லையா? நீங்கள் ஆட நினைத்ததைப் பலகையில் ஆடிவிட்டு, இன்ஜின் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் உங்களுக்குத் தோன்றுவதையும் ஆடிப் பாருங்கள். நான்கைந்து நகர்த்தலுக்குள் உங்கள் குதிரையோ யானையோ எங்காவது மாட்டிக்கொள்ளும். -1.3 என்று அது சொன்னதற்குக் காரணம் அங்கே பலகையில் இருக்கும்.